பன்றிப் பண்ணையில் பூனையை விசாரி

பன்றிக்குட்டிகள் வரிசையாகச் சாகும் பண்ணைக்குள் நுழையும் கால்நடை மருத்துவர் கேட்டே ஆகவேண்டிய ஒரு கேள்வி உண்டு: "இங்க பூனை இருந்துச்சா? இப்ப எங்க அது?" படிப்புக் காலத்தில் எந்தத் தேர்விலும் இந்தக் கேள்வி எனக்கு வந்ததில்லை. திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகை சுற்றுவட்டாரத்தில் ஒரு கள மருத்துவரின் பின்னால் பை தூக்கி நடந்த காலத்தில்தான் இதைக் கற்றேன். பன்றிகளிடமிருந்து கிளம்பி நாய், பூனை, மாடு, ஆடு என்று பரவிக் கொல்லும் அவுஜெஸ்கி நோய்க்கான கேள்வி இது. வெறிநோய் போலவே தோற்றம் தருவதால் 'போலி வெறிநோய்' என்றும் இதைச் சொல்வார்கள். ஒரு கேள்வியை எந்த இடத்தில், எந்த நேரத்தில், யாரிடம் கேட்பது என்பதே எங்கள் தொழிலில் பாதி. அந்தப் பாதியை நான் கற்ற கதை இது.

கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பில் நாலரை ஆண்டு பாடம், அதன்பின் ஓராண்டு கட்டாயப் பயிற்சி. பயிற்சியில் ஒரு பகுதியைக் கிராமத்து மருந்தகங்களில் கழிக்க வேண்டும். எனக்கு வாய்த்தது திருத்தணிப் பக்கம். முருகன் மலையைச் சுற்றிச் சின்னச் சின்னக் குன்றுகள், நிலக்கடலைக் கொல்லை, கரும்பு, தெருவுக்குத் தெரு விசைத்தறிச் சத்தம். 1960-ல் திருத்தணி ஆந்திரத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பேச்சுக்கு மட்டும் இன்றுவரை எல்லை கிடையாது. மாடு எத்தனை நாளாகத் தீவனம் எடுக்கவில்லை என்று தமிழில் கேட்டால் மகன் தமிழில் பதில் சொல்வார், பாட்டி குறுக்கிட்டுத் தெலுங்கில் திருத்துவார். பெரும்பாலும் பாட்டி சொல்வதுதான் சரியாக இருக்கும். ஆடு, மாடு, பன்றி எல்லாம் ஆந்திரத்தின் நகரி, புத்தூர்ப் பக்கமிருந்து இங்கேயும் இங்கிருந்து அங்கேயும் போய் வரும். அவற்றோடு நோயும் போய் வரும் என்பதை எங்கள் மேடம் அடிக்கடி சொல்வார்.

அந்தக் கள மருத்துவரை மேடம் என்றுதான் நான் கூப்பிட்டேன். ஊரார் டாக்டரம்மா என்றார்கள். இருபது ஆண்டுக்கு மேல் களத்தில் இருந்தவர். அதிகம் பேசமாட்டார். அவருடைய பாடம் ஐந்து சொல்லில் முடிந்துவிடும்: கேள், பார், தொடு, எடு, அனுப்பு. ஆய்வக முடிவு வரும்வரை நோய்க்குப் பேர் வைக்கக் கூடாது. அதுவரை என்ன செய்வது என்று நான் கேட்டபோது, "எல்லாப் பேருக்கும் பொருந்துற மாதிரி பாதுகாப்பா நடந்துக்கணும்மா" என்றார். இந்த ஒரு வாக்கியத்தின் முழுப் பொருள் எனக்குப் பிடிபடப் பல மாதங்கள் ஆயின.

பன்றிப் பண்ணை என்றால் மேடம் முதலில் பன்றியிடம் போகமாட்டார். தண்ணீர்த் தொட்டிக்குப் போவார். ஒரு கோடையில், வளர்ந்த பன்றிகள் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு, வட்டமாகச் சுற்றி, வலிப்பு வந்து விழுகின்றன என்று தகவல் வந்தது. மூளையைத் தாக்கும் நோய்களின் பட்டியல் என் மனசில் ஓடியது. மேடம் குழாயின் முனையை விரலால் அழுத்தினார். சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அடைப்பு. தீவனம், ஓட்டல்களிலிருந்து வாங்கி வந்த மிச்சம். ஊறுகாயும் உப்பும் கலந்தது. உப்பு உள்ளே போய்க்கொண்டே இருந்து, குடிக்கத் தண்ணீர் இல்லையென்றால் பன்றியின் மூளை வீங்கும், வலிப்பு வரும். இது உப்பு நஞ்சு. தாகத்தில் இருக்கும் பன்றிக்கு உடனே வயிறு முட்டத் தண்ணீர் காட்டினால் மூளை வீக்கம் இன்னும் மோசமாகும். கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டுத்தான் கொடுக்க வேண்டும். அன்று மாலைவரை அந்தக் கொட்டகையில் உட்கார்ந்து, கையால் அளந்து அளந்து தண்ணீர் கொடுத்தோம். தப்பிப் பிழைத்தவை பல.

தண்ணீருக்கு அடுத்தது வயது. முதலில் சாய்ந்தது எந்த வயசு? பால் குடிக்கும் குட்டியா, பால் மறந்ததா, வளர்ந்ததா, தாய்ப்பன்றியா? அவுஜெஸ்கி நோயின் கையெழுத்தே வயதில்தான் இருக்கிறது. பிறந்து இரண்டு வாரத்துக்குள் இருக்கும் குட்டிகளுக்கு வந்தால் அநேகமாக எல்லாம் செத்துவிடும்: காய்ச்சல், நடுக்கம், வாயில் எச்சில், பக்கவாட்டில் விழுந்து காலை உதைத்துக்கொண்டே கிடப்பது. பால் மறந்த குட்டிகளில் ஏறக்குறைய பாதி தப்பும். வளர்ந்த பன்றிக்கு இருமல், தும்மல், இரண்டு நாள் தீவனம் எடுக்காமை, அவ்வளவே. சினைப்பன்றிக்குக் கரு கலையும், அல்லது செத்த குட்டிகள் பிறக்கும். ஒரே கிருமிதான், தாய்க்குச் சளி, குட்டிக்குச் சாவு. தாயின் தும்மலைப் பண்ணைக்காரர் சொல்லமாட்டார், ஏனென்றால் அது அவருக்கு நோயாகவே தோன்றியிருக்காது. நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

அதன்பிறகுதான் பூனை. காரணத்தை மேடம் பைக்கில் திரும்பும் வழியில் சொன்னார். பன்றிதான் இந்தக் கிருமியின் சொந்த வீடு. பன்றிக்குள் அது பிழைத்துக் கிடக்கும். வேறு விலங்குக்குள் போனால், அறிகுறி தெரிந்த இரண்டு மூன்று நாளில் அந்த விலங்கு சாகும். பண்ணையில் சுற்றும் பூனை எலியைத் தின்னும், செத்த குட்டியை முகரும், நஞ்சுக்கொடியைக் கடிக்கும். நாயும் அப்படியே. குட்டிகள் சாகிற அதே வாரத்தில் பூனையும் நாயும் செத்திருந்தால், அது பன்றிக்கு மட்டும் வருகிற நோயாக இருக்க முடியாது. நம் ஊரில் பன்றிகளை மொத்தமாக வாரிக்கொண்டு போகும் 'கிளாசிக்கல் ஸ்வைன் ஃபீவர்' பூனையைத் தொடாது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலும் நாய், பூனை, மாடு எதையும் தொடாது. ஊசியோ கத்தியோ எடுக்காமல், ஒரே கேள்வியில் பட்டியலை இரண்டாகப் பிரிக்கலாம். பூனை செத்திருந்தாலும் உடனே முடிவு கட்டக் கூடாது. எலி மருந்து வைத்தீர்களா என்பது அடுத்த கேள்வி.

இந்த நோயைப் பற்றி மேலும் படித்தபோது என்னை மிகவும் யோசிக்க வைத்தது அதன் ஒளிந்திருக்கும் குணம்தான். இது ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ். நமக்குச் சின்னம்மை தரும் வைரஸும் இதுவும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. சின்னம்மை இறங்கிய பின்னும் அந்த வைரஸ் நரம்பு முடிச்சுகளில் உறங்கிக் கிடந்து, முதுமையில் அக்கியாக எழும்புவது நம் வீடுகளில் எல்லோரும் பார்த்தது. பன்றியிலும் அப்படித்தான். நோய் தீர்ந்து கொழுகொழுவென்று நிற்கும் பன்றியின் முக நரம்பு முடிச்சிலும் தொண்டைச் சதையிலும் கிருமி உயிரோடு இருக்கும். லாரியில் ஏற்றும்போது, குட்டி ஈனும்போது, புது இடத்தில் மிரளும்போது அது மறுபடி எழுந்து மூக்குச் சளியிலும் எச்சிலிலும் வெளியேறும். மூக்கோடு மூக்கு உரசினால் போதும், ஆண் பன்றியின் விந்து வழியாகவும் பரவும். "புதுசா வந்த பன்றி நல்லா இருக்குன்னு சொன்னா சந்தோஷப்படு, ஆனா தனியா கட்டு" என்று மேடம் ஒவ்வொரு பண்ணையிலும் சொன்னதன் காரணம் இதுதான். முப்பது நாளாவது தனிக் கொட்டகை, தனிச் செருப்பு, தனி வாளி.

கேள்வி கேட்கக் கற்றபின் கை வேலை. பன்றியைப் பிடிப்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் மருந்தகத்தின் பராமரிப்பு உதவியாளர் அண்ணன். மேல்தாடையில், கோரைப்பல்லுக்குப் பின்னால் கயிற்றுச் சுருக்கைப் போட்டு முன்பக்கமாக இழுத்தால் பன்றி பின்பக்கமாக இழுக்கும். அந்த இழுப்பிலேயே அது அசையாமல் நிற்கும். போடும் சத்தம் காதைப் பிளக்கும். "சத்தத்துக்குப் பயப்படாதம்மா, சத்தம் போடுற பன்னி மூச்சு விடுது. சத்தம் நின்னாதான் கயித்தை விடணும்" என்பார். அந்தச் சில நொடிகளுக்குள் கழுத்துக் குழியில் ஊசியை நேராக இறக்கி இரத்தம் எடுக்க வேண்டும். இரத்தக் குழாய் கண்ணுக்குத் தெரியாது. மாட்டுக்குப் போலக் கழுத்தை அழுத்திப் புடைக்க வைக்கவும் முடியாது. விரல் நுனியால் மார்பெலும்பின் முனையைத் தேடி, அங்கிருந்து கணக்குப் போட வேண்டும். அண்ணன் கயிற்றைப் பிடிக்க, மேடம் என் கையைப் பிடிக்க, அப்படித்தான் பழகினேன்.

மாதிரி எடுப்பதில் மேடம் காட்டிய கண்டிப்பு இன்னும் காதில் இருக்கிறது. ஒவ்வொரு உறுப்பிலிருந்தும் இரண்டு துண்டு. ஒன்று பத்து சதவீத ஃபார்மலினில், திசுவை நுண்ணோக்கியில் பார்க்க. இன்னொன்று எதுவும் சேர்க்காமல் பனிக்கட்டியில், வைரஸைத் தேட. ஃபார்மலின் வைரஸைக் கொன்றுவிடும். இரண்டையும் மாற்றிப் போட்டால் ஆய்வகத்துக்குப் போன பயணமே வீண். சீட்டில் பென்சிலால்தான் எழுத வேண்டும். ஸ்பிரிட் பட்டால் பேனா மை கரைந்துவிடும். டப்பா, அதைச் சுற்றிப் பஞ்சு, அதற்கு மேல் இன்னொரு டப்பா, வெளியே தெர்மகோல் பெட்டி. அவுஜெஸ்கி சந்தேகம் என்றால் பன்றியில் மூளை, தொண்டைச் சதை, நுரையீரல். மாடோ நாயோ என்றால் இந்த நோயில் ஒரே இடத்தில் கடும் அரிப்பு எடுக்கும்; அந்த இடத்தின் தோலையும் சேர்த்து எடுக்க வேண்டும். குட்டிகளில் கல்லீரலிலும் மண்ணீரலிலும் கடுகு அளவில்கூட இல்லாத வெள்ளைப் புள்ளிகள் தெரியலாம். பல நேரங்களில் கண்ணுக்கு எதுவுமே தெரியாது. வெறும் கண்ணை நம்பி "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட முடியாத நோய் இது.

திறக்கவே கூடாத உடல்களும் உண்டு. மூக்கு, வாய், ஆசனவாய் வழியே உறையாத கறுப்பு இரத்தம் கசிந்தால் அடைப்பான் நோயாக இருக்கலாம்; கத்தி வைத்தால் அந்த மண்ணில் கிருமி பல பத்தாண்டு தங்கும். பன்றிகள் கூட்டமாகச் சாகும்போது ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலை மனசில் வைத்துக்கொண்டு இரத்தமும் துடைப்பு மாதிரியும் மட்டும் எடுக்க வேண்டும். கொட்டும் ஒவ்வொரு துளி இரத்தமும் அடுத்த பண்ணைக்கான விதை. கத்தியை எப்போது உறையிலேயே விடுவது என்பதும் கற்க வேண்டிய கைத்திறனே.

அப்படித்தான் ஒரு வெண்பன்றிப் பண்ணையில் நின்றோம். ஆடிக் கிருத்திகை முடிந்த சமயம். காவடிக் கூட்டம் திருத்தணியை நிறைத்துவிட்டுப் போயிருந்தது. சாப்பாட்டு மிச்சம் மலிவாகக் கிடைத்ததால் பண்ணைக்காரர் நிறைய வாங்கிச் சேர்த்திருந்தார். குட்டிகள் நடுங்கிச் சாய்ந்தன, வளர்ந்தவை ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கும்பலாகப் படுத்திருந்தன, வெப்பமானி 106 டிகிரி காட்டியது. காது மடலில் ஊதா நிறம். "இன்னா நோய்னு சொல்லு டாக்டரம்மா, நான் மருந்து வாங்கியாறேன்" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். மேடம் பேர் சொல்லவில்லை. பூனையை விசாரித்தார். அது தவிட்டு மூட்டை மேல் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. நாய்களும் நலம். தண்ணீர் ஓடியது. அவுஜெஸ்கி பட்டியலில் கீழே இறங்கியது. ஆனாலும் பட்டியலை விட்டு நீங்கவில்லை. பன்றி உள்ளே வரவோ வெளியே போகவோ கூடாது, கறிக்கு விற்கக் கூடாது, ஓட்டல் மிச்சத்தைக் கொதிக்க வைக்காமல் கொடுக்கக் கூடாது என்று சொல்லி, செத்தவற்றை ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வைத்துவிட்டு, இரத்த மாதிரிகளைக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவு வழியாக அனுப்பினோம். முடிவு வந்தது: கிளாசிக்கல் ஸ்வைன் ஃபீவர். சுற்றியிருந்த பண்ணைகளுக்குத் தடுப்பூசி போட ஏற்பாடானது. முடிவு வேறாக வந்திருந்தாலும் அன்று நாங்கள் செய்த எதையும் மாற்ற வேண்டியிருந்திருக்காது. எல்லாப் பேருக்கும் பொருந்தும்படி நடந்துகொள் என்று மேடம் சொன்னது அன்றுதான் எனக்குள் இறங்கியது.

அரிப்பைப் படிக்கக் கற்றது ஒரு கறவை மாட்டிடம். கே.ஜி.கண்டிகையிலிருந்து உள்ளே போகும் ஒரு கிராமம். "நேத்து சாயங்காலத்துலேந்து பின்னங்காலை நக்கிக்கினே, கட்டையில தேய்ச்சிக்கினே கீது" என்றார் அந்த வீட்டு அம்மா. தோல் உரிந்து சதை தெரிந்தது. வாயில் எச்சில் நூல் நூலாகத் தொங்கியது. தொண்டையில் ஏதோ மாட்டியிருக்கிறது என்று நினைத்து அவர் கணவர் வாய்க்குள் கையை விடப் போனார். மேடம் போட்ட அதட்டல் தெருமுனைவரை கேட்டிருக்கும். எச்சில் வடிக்கும் மாட்டின் வாய்க்குள் வெறுங்கையை விடுவது கிராமங்களில் எல்லோரும் செய்வது. அந்த எச்சிலில் வெறிநோய் இருந்தால், கையில் உள்ள சின்னக் கீறல் போதும்.

அவுஜெஸ்கி நோய் வந்த மாடும் இப்படித்தான் ஒரே இடத்தை நக்கும், தேய்க்கும், கடிக்கும். அமெரிக்காவில் 1813-லேயே அரிப்பில் பைத்தியம் பிடித்துச் செத்த மாடுகளைப் பற்றிப் பதிவு இருக்கிறது. 1902-ல் ஹங்கேரியின் புடாபெஸ்டில் அலடார் அவுஜெஸ்கி, மாடு, நாய், பூனை ஆகியவற்றில் பார்த்த இந்த நோய் வெறிநோயிலிருந்து வேறானது என்று காட்டினார். அமெரிக்க மாடுகளின் அரிப்பும் அவுஜெஸ்கி கண்டதும் ஒன்றே என்பதை 1931-ல் ரிச்சர்ட் ஷோப் நிறுவினார். பன்றிகள்தான் இதன் உறைவிடம் என்பதும் அவருடைய ஆய்வுகளில்தான் தெளிவானது. ஆக, அரிப்பு இரண்டு நோய்க்கும் பொது. வெறிநோயில் நாய் கடித்த தழும்பிலேயே அரிப்பு எடுக்கலாம். பிரித்துக் காட்டுவது மூன்று: வேகம், பக்கத்தில் பன்றி, பழைய கடி. அவுஜெஸ்கி நோயில் அரிப்பு தொடங்கிய இரண்டு நாளில் மாடு செத்துவிடும், கூடவே கடும் காய்ச்சல் இருக்கும். வெறிநோய் மாடு பெரும்பாலும் சில நாள் தாங்கும். குரல் கரகரத்துக் கத்திக்கொண்டே இருக்கும், பின்பக்கம் தளரும், சாணி போட முடியாமல் முக்கும்.

அந்தத் தெருவில் பன்றியே கிடையாது. பழைய கடியைப் பற்றி வீட்டுக்காரர் இல்லவே இல்லை என்றார். திண்ணையில் இருந்த பாட்டிதான் தெலுங்கில் சொன்னார்: தீபத்துக்கு முன்னால் ஒரு தெருநாய் கொட்டகைக்குள் புகுந்தது, விரட்டிவிட்டேன், பின்னங்காலில் லேசாக இரத்தம் வந்தது, மஞ்சள் வைத்தேன். மாடு நான்காம் நாள் செத்தது. கழுத்து மூட்டின் பின்பக்கம் திறந்து, மண்டை ஓட்டின் கீழ்த் துளை வழியாக உறிஞ்சுகுழல் ஒன்றைக் கண்ணை நோக்கிச் செலுத்தி மூளை மாதிரி எடுப்பதை மேடம் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். மண்டையை வெட்டாமல், சிதறல் இல்லாமல், பாதுகாப்பாக எடுக்கும் வழி இது. வெறிநோய்த் தடுப்பூசி முன்கூட்டியே போட்டுக்கொண்டவர்கள் மட்டும்தான் இந்த வேலையைத் தொட வேண்டும். நான் கல்லூரியிலேயே போட்டிருந்தேன். இரண்டு கையுறை, முகத்தடுப்பு, கண்ணாடி. சென்னை வேப்பேரியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு மாதிரி போனது. வெறிநோய் என்று உறுதியானது. அந்தக் குடும்பத்தில் எச்சிலைத் தொட்ட எல்லோரையும் முடிவுக்குக் காத்திருக்காமல், முதல் நாளே திருத்தணி அரசு மருத்துவமனைக்கு ஊசிக்கு அனுப்பியிருந்தார் மேடம்.

என் பயிற்சிக் காலத்தில் அவுஜெஸ்கி நோய் ஒரு முறைகூட உறுதியாகவில்லை. அப்படியிருக்க ஒவ்வொரு பண்ணையிலும் பூனையைக் கேட்டது எதற்கு என்று உடன் படித்தவர்கள் சிலர் கேட்டதுண்டு. பதில் கடந்த சில ஆண்டுகளிலேயே இருக்கிறது. பன்றிகளின் இனப்பெருக்கத்தையும் சுவாசத்தையும் தாக்கும் பி.ஆர்.ஆர்.எஸ். நோய் 2013-ல் மிசோரமில் வந்தது. அதற்குமுன் இந்தியப் பண்ணைகள் அதைக் கண்டதில்லை. 2020-ல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் அசாமிலும் அருணாச்சலப் பிரதேசத்திலும் வெடித்தது. 2022-ல் கேரளத்தின் வயநாடு. 2023 தொடக்கத்தில் நம் முதுமலையில் காட்டுப்பன்றிகள் செத்து விழுந்தபோது அதே நோய் உறுதியானது. வடகிழக்கின் எல்லையிலிருந்து நீலகிரிக்கு வர அதற்கு மூன்று ஆண்டு போதுமானதாக இருந்தது. புது நோயை முதலில் பார்க்கப்போவது போபாலில் இருக்கும் தேசிய உயர் பாதுகாப்பு விலங்கு நோய் நிறுவனம் அல்ல. ஏதோ ஒரு கிராமத்தில் ஒரு பண்ணைக்காரரும், அவர் கூப்பிட்டு வந்த மருத்துவரும்தான். அவர்கள் கேட்க மறந்த கேள்விக்கு எந்த ஆய்வகமும் பதில் தர முடியாது.

இந்த நோயை ஒழித்துக் காட்டிய நாடுகளும் உண்டு. ஹங்கேரியில் அடோர்யான் பார்தா 1961-ல் உருவாக்கிய வலுக்குறைந்த வைரஸ் வகை நல்ல தடுப்பூசியானது. அந்த வகையில் 'ஜி-இ' என்ற புரதம் இல்லை. ஊசி போட்ட பன்றியின் இரத்தத்தில் அந்தப் புரதத்துக்கான எதிர்ப்பொருள் இருக்காது. உண்மையான நோய் தொட்ட பன்றியில் இருக்கும். ஒரு சோதனையில் இரண்டையும் பிரித்து, நோய்த் தொற்று உள்ளவற்றை மட்டும் நீக்கிக்கொண்டே வந்தார்கள். ஜெர்மனி 2003-லும், அமெரிக்காவின் வணிகப் பண்ணைகள் 2004-லும் இந்த நோயிலிருந்து விடுபட்டன. ஆனால் அங்கே காட்டுப்பன்றிகளிடம் கிருமி இன்னும் இருக்கிறது. வேட்டைக்குப் போகும் நாய்கள் பச்சைக் கறி தின்று இன்றும் சாகின்றன. சீனத்தில் 2011-ன் கடைசியில், பார்தா ஊசி போட்ட பண்ணைகளிலேயே வைரஸின் புதிய வகை ஒன்று கிளம்பியது. மனிதருக்கு வராது என்றே நெடுங்காலம் கற்பிக்கப்பட்ட நோய் இது. அண்மை ஆண்டுகளில் சீனத்தில் பன்றி வளர்ப்போர், கறி வெட்டுவோர் சிலருக்கு மூளைக் காய்ச்சலாக வந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். அரிதுதான். கையில் வெட்டுக்காயத்தோடு பச்சைப் பன்றிக்கறியைக் கையாளக் கூடாது என்று சொல்ல அந்த அரிதே போதும்.

நாய்க்கு வரும்போது இந்த நோய் மிகக் கொடியது. முகத்தைத் தரையில் தேய்த்துத் தேய்த்துக் கண்ணோரம் புண்ணாக்கிக்கொள்ளும், எச்சில் வடியும், மூச்சு திணறும், ஓரிரு நாளில் உயிர் போகும். வெறிநாய் போல ஆளைத் தேடி வந்து கடிப்பது அரிது. சிகிச்சை கிடையாது. ஆனால் தெருவில் நிற்கும் ஒருவர் எச்சில் வடிக்கும் நாயைப் பார்த்து இது எந்த நோய் என்று பிரிக்க முயலக் கூடாது. வெறிநோய் என்றே வைத்துக்கொண்டு விலக வேண்டும், கடித்தால் உடனே சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி ஊசிக்குப் போக வேண்டும். பிரித்தறிவது எங்கள் வேலை, அதுவும் ஆய்வகத்தின் துணையோடு.

கடலைக் கொல்லையிலும் கரும்புத் தோட்டத்திலும் காட்டுப்பன்றி இறங்கும் ஊர்கள் இவை. கொட்டகைப் பன்றியும் காட்டுப்பன்றியும் ஒரே ஓடையில் தண்ணீர் குடிக்கும் இடங்களும் இருக்கின்றன. அதனால் இதைப் படிக்கும் ஒவ்வொருவரிடமும் நான் கேட்டுக்கொள்ள ஒன்று இருக்கிறது. பன்றி வளர்ப்பவர்களே, புதிதாக வாங்கிய பன்றியைத் தனியாக வையுங்கள். ஓட்டல் மிச்சத்தைக் கொதிக்க வைத்துக் கொடுங்கள். பன்றிக் கொட்டகைக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் நடுவே சுவரும் தூரமும் இருக்கட்டும். நாய் வளர்ப்பவர்களே, பச்சைப் பன்றிக்கறியையும் குடலையும் நாய்க்குப் போடாதீர்கள். மாடு வைத்திருப்பவர்களே, எச்சில் வடிக்கும் மாட்டின் வாய்க்குள் கையை விடாதீர்கள். பயிற்சிக்குப் போகும் தம்பி தங்கைகளே, திண்ணைப் பாட்டியிடமும் கேளுங்கள், பூனையையும் விசாரியுங்கள், முடிவு வரும்வரை பேர் சொல்லாதீர்கள். குட்டிகள் கூட்டமாகச் செத்தாலோ, பன்றியோடு சேர்ந்து நாயும் பூனையும் செத்தாலோ பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள், அல்லது 1962-ஐக் கூப்பிடுங்கள். காரணம் தெரியாமல் செத்த பன்றியை அறுக்காதீர்கள், விற்காதீர்கள், ஓடையில் வீசாதீர்கள்.